ஏரிக்குள் குடியிருக்கிறோம்: மழை, வெள்ளம், வறட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னைப் புறநகரில் ஓர் ஏரியை ஒட்டி வாடகை வீட்டில் இருக்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில். மனை வாங்கி வீடு கட்டியவருக்கு அது தெரியாது. குடிவந்த எனக்கும் தெரியாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு தெருக்காரர்கள் சிலர் சேர்ந்து, ஒவ்வொரு புரட்டாசியிலும் வரத்துக் கால்வாயோடு நடந்து, அடைப்பு இருக்கும் இடங்களைப் படம் எடுத்து மனுக் கொடுத்து வருகிறோம். நடக்கும்போது வழியில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றையும், எங்களுக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரே ஊரில் வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும் எப்படி வருகின்றன?

2015-இல் தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைச் சாக்கடைத் துவாரத்தில் குபுக் குபுக்கென்று கொப்பளித்து வந்தது. கருப்புத் தண்ணீர். முதலில் துணியை வைத்து அடைத்தோம், அப்புறம் அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தோம், அப்புறம் கட்டிலே மிதக்க ஆரம்பித்தது. மாடி வீட்டில் இரண்டு நாள் இருந்தோம். சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, என் மார்பு உயரத்தில். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் தெரியும்.

அதே வீட்டில் 2019 மே, ஜூன் மாதங்களில் குழாயைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று மட்டும் வந்தது. ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. லாரிக்குப் பதிவு செய்தால் மூன்று வாரம் கழித்து வரும் என்றார்கள். நகரத்துக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் தரை தெரிந்து கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது: 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நகரத்தின் தேவையோ நாளொன்றுக்கு 80 கோடி லிட்டருக்கு மேல்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. இது குறைந்த மழை கிடையாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டி, சில நாட்களில், சில மணி நேரங்களில் கொட்டித் தீர்க்கிறது. கொட்டும் சில நாளின் தண்ணீரை மீதி நாளுக்கு வைத்துக்கொள்ள இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் ஏரி என்று பெயர். இடம் இருந்தால் ஐப்பசியில் வெள்ளமும் இல்லை, சித்திரையில் பஞ்சமும் இல்லை. இடம் போனால் இரண்டும் சேர்ந்து வரும். வெள்ளமாக ஓடிக் கடலில் கலந்ததும், மே மாதம் குழாயில் வராததும் ஒரே தண்ணீர்தான்.

இதற்குக் காரணம் காலநிலை மாற்றமா, ஏரி ஆக்கிரமிப்பா?

இந்தக் கேள்வியை அதிகாரிகளும் கேட்கிறார்கள், மனை விற்றவர்களும் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் 'காலநிலை மாற்றம்' என்ற பதில் வசதியாக இருக்கிறது. வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் கீழே யாரும் பொறுப்பில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2015 நவம்பரில் சென்னையில் பெய்த மழை ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். 1918 நவம்பரில் பெய்தது ஏறத்தாழ 109 சென்டிமீட்டர். ஆக, இப்படி ஒரு நவம்பரை இந்த ஊர் முன்பே பார்த்திருக்கிறது. ஆனால் 1918-இல் மாம்பலம் ஏரி இருந்தது. அதை வற்றவைத்துத் தியாகராய நகரைக் கட்டியது 1920-களில். நுங்கம்பாக்கம் ஏரியின் ஒரு பகுதியில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இன்று மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக் இல்லை. இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையும் 2015 வெள்ளத்தை மனிதர்களால் விளைந்த பேரிடர் என்றே சொன்னது.

அதனால் காலநிலை மாற்றம் பொய் என்று ஆகாது. அது உண்மை, வலுத்தும் வருகிறது. என் கவலையே இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. மழை தாறுமாறாகப் பெய்யும் என்று தெரிந்துதான் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். தாறுமாறான மழைக்காகவே செய்த கருவி அது. மழை முன்னைவிடத் தாறுமாறாகிற காலம் வந்தபோது, சரியாக அந்தக் கருவியைப் பிரித்துப் போட்டு மனை போட்டு விற்றிருக்கிறோம்.

காலநிலை மாற்றத்தால் நம் மழையில் அப்படி என்ன மாறுகிறது?

நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு இவற்றை எரித்து எரித்துக் காற்றில் கரியமில வாயுவைக் கூட்டியிருக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இது பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. 2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போனது. ஒரு முழு ஆண்டுக்கு அப்படிப் போனது அதுவே முதல்முறை.

சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைச் சுமக்கும். ஈரத்துணியை வெயிலில் காயப்போடுகிறோமே, அதே சங்கதிதான்: வெயில் கூடினால் சீக்கிரம் காயும், காற்று அதிகமாகக் குடிக்கும். குடித்ததை ஒருநாள் இறக்கத்தானே வேண்டும்? வங்காள விரிகுடாவும் சூடேறியிருக்கிறது. அங்கே உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு நிலைக்குத் தீனி கடலின் சூடுதான். ஆகவே பெய்யாத நாட்கள் நீள்கின்றன, பெய்கிற நாளில் அளவில்லாமல் பெய்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன, தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண் கரைந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது. அதே மாதம் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போயிருந்தது.

இன்னொன்று கடல் மட்டம். அது மெல்ல உயர்கிறது. ஆறும் கால்வாயும் கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் வெள்ளம் வடியாமல் திகைத்து நிற்கும். கடல் உயர உயர அந்தத் திகைப்பு நீளும்.

ஏரி என்பது பெரிய பள்ளம்தானே? அதில் அப்படி என்ன நுட்பம்?

பள்ளம் இல்லை. இந்தத் தவறான எண்ணத்தால்தான் 'ஆழப்படுத்துகிறோம்' என்று பொக்லைன் வைத்து ஏரியைக் கிணறு மாதிரி தோண்டிவிட்டுப் போகிறார்கள்.

ஏரி சரிவான நிலத்தில் மூன்று பக்கம் திறந்திருக்கும், தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை வடிவில் கரை. மேட்டு நிலத்து மழைநீர் வரத்துக் கால்வாய் வழியாக வந்து சேரும். கரையின் அடியில் மதகு. அதன் வழியாகக் கீழே இருக்கும் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரிப் பாசன வயலுக்குத் தண்ணீர் போகும். ஏரி நிரம்பினால் கரையை மீறி வழியக்கூடாது, வழிந்தால் மண்கரை அறுத்துக்கொள்ளும். அதற்காகக் கரையின் ஒரு முனையில், கரையைவிடத் தாழ்வாக, கல் பதித்து ஒரு வழி விட்டிருப்பார்கள். அதுதான் கலங்கல். உபரிநீர் கலங்கலில் வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். அங்கே நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. இப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசியில் ஆற்றிலோ கடலிலோ சேரும்.

எங்கள் ஏரியின் பழைய கலங்கலை நான் முதலில் பார்த்தபோது அது கலங்கல் என்றே தெரியவில்லை. சீமைக் கருவேலம் புதருக்குள் இடுப்பு உயரத்தில் ஏழெட்டுக் கருங்கல் தூண்கள் வரிசையாக நட்டு நின்றன. ஏதோ பழைய வேலிக்கல் என்று நினைத்தேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான், "தம்பி, அது பலகைக்கல்லு" என்றார். மழைக்காலம் முடிகிற நேரத்தில், இனிப் பெருமழை வராது என்று தெரிந்தபின், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பலகையைச் செருகி மண்ணை அணைத்துவிட்டால், ஏரியில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். ஐப்பசியில் பலகை இருக்கக்கூடாது, மார்கழியில் இருக்க வேண்டும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே கல்லில் பதில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கு நாலு அடி தள்ளி இப்போது ஒரு காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. கலங்கலைத் தாண்டி வழிகிற தண்ணீர் நேராக அந்தச் சுவரில்தான் முட்டும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரமே ஏரி மாவட்டம் என்று பெயர் எடுத்தது. தமிழ்நாடு முழுக்க ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் கணக்கில் இருக்கின்றன. தனித்தனியாக எண்ணினால் கணக்கு தவறிவிடும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே இருக்கும் ஏரி தெருவுக்குள் வழியும், கீழே இருக்கும் ஏரி காய்ந்து கிடக்கும்.

முன்பெல்லாம் இதை யார் பார்த்துக்கொண்டார்கள்?

ஊர்தான். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதிமுறை இருக்கிறது. ஊர்கூடித் தூர்வாரும் குடிமராமத்து இருந்தது. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பார்த்து மடை திறக்க நீர்க்கட்டி இருந்தார். மதுராந்தகத்தில் சாமிக்கே 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். பெருமழையில் கரை உடையப்போன இரவில் ராமரும் லட்சுமணரும் கரையில் காவல் நின்றார்கள் என்பது அந்த ஊர்க் கதை. கடவுளிடம் வேண்டிக்கொள்ள எத்தனையோ இருக்க, கரை உடையக் கூடாது என்று வேண்டியிருக்கிறார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலம் எல்லோருக்கும் நல்ல காலமாக இல்லை. பல ஊர்களில் நீர்க்கட்டி வேலையைத் தலித் மக்கள் செய்தார்கள், இரவெல்லாம் மழையில் கரையில் நின்றவர்களுக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு காணி நிலம் இல்லை. குடிமராமத்து என்ற பெயரில் யாருடைய உடம்பு உழைத்தது என்பதையும் கேட்க வேண்டும். பழைய அறிவு நமக்கு வேண்டும், பழைய அடுக்கு வேண்டாம்.

ஆங்கிலேயர் காலத்தில் ஏரி அரசுத் துறைக்குப் போனது. அதற்குப் பிறகு ஊருக்கு அது 'கவர்மெண்டு ஏரி'. வயல் மனையானதும் ஆயக்கட்டும் போனது. தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தபின் ஏரியைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் காரணம் இல்லை. சேதம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். பகையால் யாரும் ஏரியை அழிக்கவில்லை. தேவை இல்லை என்று நினைத்தோம், முதுகைத் திருப்பிக்கொண்டோம், முதுகுக்குப் பின்னால் குப்பை லாரி வந்து நின்றது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் கடைசியாக வந்து சேரும் இடம் அது. பழைய பெயர் கழுவெளி. மழைநீர் அங்கே பரந்து நின்று, கோரைக்கும் சம்புக்கும் நடுவில் மெல்ல நகர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் கலக்கும்.

1960-களில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேர் பரப்பு. பட்டா கொடுக்க முடியாத வீண் நிலம் என்று எழுதி வைத்துவிட்டு, அதன்மேல் எல்லாவற்றையும் கட்டினோம்: சாலை, ரயில் நிலையம், தகவல் தொழில்நுட்ப வளாகம், ஆராய்ச்சி நிறுவனங்கள். பெருங்குடிப் பக்கம் பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைக் கொட்டினோம். சதுப்பின் குறுக்கே போகும் 200 அடிச் சாலையில் காலையில் வண்டியில் போனால் ஒரு பக்கம் குப்பை மேட்டின் நாற்றமும், மறுபக்கம் தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகளும் ஒன்றாக வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது பழகவில்லை.

2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவை ஆர்வலர்களும் அக்கம்பக்கத்து மக்களும் வருடக்கணக்காகப் போராடியதன் பலன் அது. குப்பை மேட்டைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையும் தொடங்கியது.

சதுப்பு நிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே மட்கும் செடிகொடிகளின் கரி, தண்ணீருக்கடியில் சேறாகத் தங்கிவிடும், காற்றுக்குப் போகாது. அதை வற்றவைத்தால் தங்கிய கரி வெளியே வரும். சாக்கடை கலந்த நீரும் குப்பை மேடும் மீத்தேனை விடும். சுத்தமாக இருந்தால் கரியைப் பிடித்து வைக்கும் இடம், நாம் கெடுத்தால் பூமியைச் சூடேற்றும் இடம்.

எங்கள் மனை ஏரி நிலமா என்று எப்படிப் பார்ப்பது?

வாங்குவதற்கு முன்னால் பாருங்கள், அதுதான் முக்கியம். மனையின் புல எண்ணை வைத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். இணையத்திலும் பார்க்கலாம். 'ஏரி', 'நீர்நிலைப் புறம்போக்கு', 'ஓடை', 'வாய்க்கால்' என்று வகைப்பாடு இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பக்கத்துப் புல எண்களையும் பார்க்க வேண்டும். உங்கள் மனை பட்டா நிலமாக இருக்கும், அதை ஒட்டி ஓடிய வாய்க்கால்மேல் சாலை போட்டிருப்பார்கள்.

சரி, காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, போதுமா? போதாது. ஊர்க் கிராம வரைபடத்தை வாங்கி ஏரியின் பழைய எல்லையைப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். தாங்கல், ஏரிக்கரை, மடுவு, மதகு, ஓடை என்று தெருப்பெயர் இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்த பெயர் இல்லை. கடைசியாக, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட உள்ளூர்க்காரர் ஒருவரிடம், "இங்கே முன்னே என்ன இருந்தது?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்கு எடுத்தார், வழக்கறிஞரிடம் காட்டினார், வங்கியும் கடன் கொடுத்தது. தெருமுனை டீக்கடையில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள், அங்கே மீன் பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆக்கிரமிப்பை அகற்று என்றால் ஏழைகளின் வீட்டை இடி என்றுதானே முடிகிறது?

ஆமாம், அப்படித்தான் முடிகிறது, அது தவறு. நீர்நிலையில் நிற்பவை குடிசைகள் மட்டும் இல்லை. அடுக்குமாடிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், அரசு அலுவலகங்கள், பேருந்து நிலையங்கள் எல்லாம் நிற்கின்றன. பொக்லைன் முதலில் போவது எதிர்த்துக் கேட்க வழியில்லாதவர் வாசலுக்கு.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களை வெளியேற்றிப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டி. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஏரி வெள்ளத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரப் பேருந்து, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். மீட்பு என்றால் முதலில் பெரிய கட்டடங்கள் மறித்திருக்கும் கால்வாயைத் திறக்க வேண்டும். ஏழைகளை நகர்த்தித்தான் ஆக வேண்டிய இடத்தில், அவர்கள் பிழைப்புக்குப் பக்கத்தில், மேட்டு நிலத்தில் வீடு கொடுத்துவிட்டு நகர்த்த வேண்டும். ஏரியின் பக்கம் நிற்பவன் நான், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தூர்வாரி, நடைபாதை போட்டு, பூங்கா வைத்தால் ஏரி காப்பாற்றப்பட்டுவிடும்தானே?

தூர்வாருவது நல்லது. ஏரி வண்டல் வயலுக்கு உரம். ஆனால் தூர்வாரும் வேலை வரத்துக் கால்வாயில் தொடங்கி, கலங்கலுக்குக் கீழே உள்ள போக்குக் கால்வாயில் முடிய வேண்டும். நடுவில் ஏரியை மட்டும் அள்ளினால் லாரிகளுக்குத்தான் லாபம்.

நடைபாதை விஷயத்தில் எங்கள் ஏரியில் நடந்ததைச் சொல்கிறேன். சுற்றிலும் கான்கிரீட் கரை எழுப்பி, ஓடுகள் பதித்து, விளக்கு வைத்தார்கள். அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் பார்த்தால் ஏரிக்கு வெளியே, மேட்டுப் பக்கத் தெருவில் தண்ணீர் நிற்கிறது. உள்ளே வர வழியில்லை. திறந்திருக்க வேண்டிய மூன்று பக்கத்தையும் மூடிக் கிண்ணமாக்கிவிட்டார்கள். உள்ளே வந்துகொண்டிருந்தது சாக்கடை மட்டும். ஆகாயத்தாமரை ஒரே மாதத்தில் ஏரியை மூடியது. சாக்கடைச் சத்தைத் தின்று வளரும் செடி அது. அதை மட்டும் வாரிப் போட்டுவிட்டுச் சாக்கடையை விட்டுவிட்டால் மறுமாதம் திரும்ப வரும். இரண்டு வருடம் மனுக் கொடுத்தபின் மேட்டுப் பக்கம் மூன்று இடத்தில் சுவரை உடைத்து வழி விட்டார்கள்.

மரம் நட்டால் போதாதா?

எங்கே நடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏரிக்கரையின் வெளிச்சரிவில் பனை, தெருவோரத்தில் புங்கன், வேம்பு: தாராளமாக நடுங்கள். ஏரியின் உள்வாயில் வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். திறந்த நீர்ப்பரப்பும் சேறும் புல்வெளியும் தனித்தனி உயிர்களுக்கு வீடு. வேடந்தாங்கல் மாதிரி நீர்க்கடம்பு நிற்கும் ஏரிகள் வேறு, அங்கே அந்த மரம் தண்ணீரில் நின்றே வளரும்.

சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சி மழையை நிறுத்திவிடும் என்பது கட்டுக்கதை. ஆனால் வரத்துக் கால்வாயில் அது அடர்ந்து நின்றால் நீர் வராது. கால்வாயிலும் உள்வாயிலும் வேரோடு எடுக்க வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கும்போது ஏரி எதற்கு?

மீஞ்சூரில் 2010-இலும், நெம்மேலியில் 2013-இலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகள் வந்தன. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று வந்தது. 2019-இல் முதல் இரண்டும் கைகொடுத்தன, மறுக்கவில்லை. ஆனால் அவை ஓட மின்சாரம் நிறைய வேண்டும், அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியில் வருகிறது. மிஞ்சும் உப்புக் கரைசல் கடலுக்கே திரும்புகிறது. எந்த ஆலையும் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளாது, நிலத்தடி நீரை ஏற்றாது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததில் கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஏறியிருக்கிறது. அதைத் திருப்பித் தள்ள நன்னீர் மேலிருந்து இறங்க வேண்டும்.

ஒரு குடும்பம் என்ன செய்ய முடியும்?

மழைநீர் சேகரிப்பைச் சரியாக வையுங்கள். 2003-லிருந்து கட்டாயம்தான், எல்லா வீட்டிலும் குழாய் இருக்கிறது. குழாயின் அடி எங்கே போகிறது என்று எத்தனை பேர் பார்த்தோம்? எங்கள் வீட்டுக் குழாய் தரைக்கு அடியில் ஓரடியில் உடைந்து மண்ணடைத்துக் கிடந்தது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு வருடத்தில் விழும் மழை ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் பத்து லாரிக்கு மேல். ஆவணிக்குள் மாடியைக் கூட்டி, வடிகட்டியின் மணலைக் கழுவி, கிணற்றிலோ உறிஞ்சுக் குழியிலோ இறங்குகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாசலை முழுக்கச் சிமெண்டு பூசாமல் கொஞ்சம் மண்ணாக விடுங்கள்.

அப்புறம், கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடாதீர்கள். தெருவில் யார் விட்டாலும் அது ஏரிக்குத்தான் போகிறது.

உலகமே புகை விடும்போது நம் ஏரியைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

களைத்துப்போய்க் கேட்கிற கேள்வி இது, எனக்கும் வந்திருக்கிறது. ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு விடும் கரியமில வாயு, சராசரி இந்தியர் விடுவதைப்போல் ஆறேழு மடங்கு. நம் நாட்டுக்குள்ளும் பெரும்பாக்கத்துக் குடும்பமும் வீட்டுக்கு மூன்று கார் வைத்திருப்பவரும் சமம் இல்லை. புகையைக் குறைக்க வேண்டியவர்களைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்வதையும் கேட்க வேண்டும்.

ஆனால் நாளைக்கே எல்லாப் புகையும் நின்றாலும், ஏற்கெனவே ஏறிய சூடு உடனே இறங்கிவிடாது. அடுத்த பெருமழை வரத்தான் போகிறது. அது வரும்போது கலங்கலுக்குக் கீழே வழி இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் எங்கள் தெருவில் கீழ்வீட்டுப் பாட்டியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறுவோமா, இல்லையா என்பது இருக்கிறது. இதற்கு உலக மாநாடு தேவையில்லை, கலங்கலுக்கு நாலு அடி தள்ளி நிற்கும் அந்தச் சுவரை நகர்த்த வேண்டும்.

மனம் விட்டுப்போனால் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்கு ஒருமுறை போய்வாருங்கள். கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல பத்தாண்டுகளாக, குழந்தைகள் உட்பட.

எங்கள் ஏரியின் கலங்கல் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியை இதுவரை மூன்றே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி கேட்கப்பட வேண்டும் என்பதற்காகச் சேர்த்திருக்கிறேன்.

கரையின்மேல் ஏறி நில்லுங்கள். தண்ணீர் உங்களுக்கு ஒரு பக்கம், தாழ்ந்த நிலம் மறுபக்கம். கரை முடிகிற இரண்டு முனைகளுக்கும் நடந்து போங்கள். ஏதாவது ஒரு முனையில், கரை மட்டத்தைவிட ஓர் ஆள் உயரமாவது தாழ்வாக, கருங்கல் பதித்த தளம் இருக்கும். புதர் மண்டியிருக்கலாம், குப்பை கொட்டியிருக்கலாம், மேலே ஒரு பிள்ளையார் கோவில்கூட இருக்கலாம். அங்கிருந்து தண்ணீர் இறங்கிப் போகிற திசையில் நடங்கள். வழி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தைப் படம் எடுத்து, புல எண்ணோடு நீர்வளத்துறைக்கும் வட்டாட்சியருக்கும் எழுதுங்கள். ஏரி உள்ளாட்சி வசம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி. ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். புரட்டாசி பிறப்பதற்குள் ஒருமுறை, ஐப்பசி முதல் மழை முடிந்த மறுநாள் காலை இன்னொரு முறை போக வேண்டும். முழங்கால் வரை ஏற்றிக்கட்டிய வேட்டியோ, பழைய பேண்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள், கருவேல முள் இருக்கும்.